முனைகளை அமைத்தல்: படுவான்கரைத் தோட்டத்துச் சூரியப் பம்பி ஒன்றின் வழியே

பொது நோக்க உள்ளீட்டு வெளியீட்டு முனை என்பது செயலியின் எந்த ஓர் உட்பகுதிக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாத முனை. வெளியே உள்ள ஆளி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அது வாசிக்கலாம். ரிலே ஒன்றை இயக்கச் சொல்லி உயர் நிலையைக் காட்டலாம். அல்லது துடிப்பு அகலப் பண்பேற்றி, நேரக்கணிப்பி போன்ற உட்பகுதி ஒன்றுக்கு வழிவிட்டுத் தான் விலகிக்கொள்ளலாம். எதைச் செய்வது என்பதை நிரல்தான் சொல்ல வேண்டும். நிரல் சொல்வதற்கு முன்னரும் அந்த முனை ஏதோ ஒரு நிலையில் இருந்துகொண்டுதான் இருக்கும். இந்த இரண்டாவது விடயத்தைக் கவனிக்காமல் விடுவதால் எரிந்த மின்பலகைகள் ஏராளம். ஆகவே இந்த அத்தியாயம் அதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறது.

இலக்கமுறைச் சமிக்ஞைச் செயலிகள் (டிஎஸ்பி) தொடக்கத்தில் முனைகளைத் தாராளமாகத் தரவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1982 இல் அறிமுகப்படுத்திய டிஎம்எஸ்32010 சில்லில், நிரல் சோதித்துப் பார்த்துக் கிளைபிரிவதற்கென இருந்தது பயோ என்ற ஒற்றை உள்ளீடு. பின்வந்த சி25 சில்லில் எக்ஸ்எஃப் என்ற ஒரு வெளியீடு அதனுடன் சேர்ந்தது. பெருக்கிக் கூட்டும் வேலைக்குப் பிறந்த சில்லுக்கு அப்போது அது போதும். மோட்டர்களையும் வலு மாற்றிச் சுற்றுகளையும் ஆளும் வேலை டிஎஸ்பிக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சி2000 குடும்பத்து எஃப்2812 இல் 56 முனைகள், எஃப்28335 இல் 88, இரட்டை மையம் கொண்ட எஃப்28379டி இல் 169. கீழே உள்ள விளக்கம் எஃப்28335 ஐ அடிப்படையாகக் கொண்டது. பாடசாலை முடித்து வந்த ஒருவர் கையேட்டுடன் உட்கார்ந்து முழுவதையும் விளங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்கு அதன் அமைப்பு நேரானது. புதிய சில்லுகளுக்குப் போகும்போது மாறுபவை கடைசியில் சொல்லப்படுகின்றன.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வேலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள உன்னிச்சைக் குளத்து நீர் வயல்களுக்குப் பாய்கிறது. வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு மக்களின் குடிநீராகவும் ஆகிறது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் கச்சானும் சோளனும் மரக்கறியும் கிணற்று நீரை நம்பி நிற்கும். அத்தகைய ஒரு தோட்டத்தில், சூரியப் பலகைகளால் மூன்று அவத்தை மோட்டர் ஒன்றை ஓட்டும் பம்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பலகைத் தொடரின் அழுத்தம் 300 வோல்ற்றுக்கு மேல். மோட்டரை ஆறு வலு திரான்சிற்றர்கள் ஆளுகின்றன. கிணற்றில் ஒரு மிதவை ஆளி, மேல் தாங்கியில் இன்னொன்று, குழாயில் நீரோட்ட மானி, பெட்டி வாசலில் அவசர நிறுத்த ஆளி, எச்சரிக்கை மணிக்கு ஒரு ரிலே. சுற்றிலும் யானை வேலி. மாரியில் மழையும் மின்னலும், மற்ற நாட்களில் வெயிலும் தூசியும். மேசையில் வேலை செய்யும் மின்பலகைக்கும் தோட்டத்தில் வேலை செய்யும் மின்பலகைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முனைகளில்தான் வெளிப்படும்.

பதிவகங்கள்

எஃப்28335 இன் முனைகள் மூன்று துறைகளாகப் பிரிந்துள்ளன. 0 முதல் 31 வரை ஏ துறை, 32 முதல் 63 வரை பி துறை, 64 முதல் 87 வரை சி துறை. ஒவ்வொரு துறைக்கும் பெரும்பாலும் ஒரே வகையான பதிவகங்கள் உண்டு. பெயரின் முன்பகுதி துறையைக் காட்டும், பின்பகுதி வேலையைக் காட்டும்.

மக்ஸ் பதிவகம் முனை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு முனைக்கு இரண்டு பிட்டுகள். இரண்டும் 0 என்றால் பொது முனை. மற்ற மூன்று சேர்க்கைகளும் அந்த முனைக்கென ஒதுக்கப்பட்ட உட்பகுதிகளைக் குறிக்கும். 16 முனைகளுக்கு ஒரு 32 பிட் பதிவகம் என்பதால் ஒவ்வொரு துறைக்கும் இரண்டு மக்ஸ் பதிவகங்கள். டிர் பதிவகம் திசையைச் சொல்லும்: 0 உள்ளீடு, 1 வெளியீடு. பியுடி பதிவகம் சில்லுக்குள் இருக்கும் மேலிழு தடையியை ஆளுகிறது. இங்கே 0 என்றால் தடையி இணைந்திருக்கிறது, 1 என்றால் விலக்கப்பட்டிருக்கிறது. பெயரே ‘விலக்கு’ என்பதால் இந்தத் தலைகீழ் முறை. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். க்யுசெல், கன்ட்ரோல் ஆகிய இரண்டும் உள்ளீட்டு வடிகட்டலுக்கு உரியவை.

இவை எல்லாம் பூட்டப்பட்ட பதிவகங்கள். ஈ-அலோ கட்டளைக்கும் ஈ-டிஸ் கட்டளைக்கும் இடையில் எழுதினால்தான் ஏறும். பூட்டைத் திறக்காமல் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது, எழுதியது சத்தமின்றிப் போய்விடும். ‘நிரல் ஓடுகிறது, முனை அசையவில்லை’ என்ற முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முனையின் நிலையை வாசிக்கவும் மாற்றவும் உள்ள டேட், செட், கிளியர், டாகிள் நான்கும் பூட்டப்படாதவை. இவற்றில் டேட் பதிவகத்தால் வெளியீட்டை மாற்றுவதைத் தவிர்ப்பதே நல்லது. காரணம் இது: டேட்டை வாசித்தால் கிடைப்பது நிரல் கடைசியாக எழுதிய பெறுமானம் அல்ல, முனையில் அந்தக் கணம் உண்மையில் இருக்கும் நிலை. நிரலில் அடுத்தடுத்த இரு வரிகளில் 8 ஆம் முனையை உயர்த்தி, 9 ஆம் முனையை உயர்த்துவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியும் முழுப் பதிவகத்தையும் வாசித்து, ஒரு பிட்டை மாற்றி, திருப்பி எழுதுகிறது. இரண்டாவது வரி வாசிக்கும் நேரத்தில் 8 ஆம் முனை இன்னும் வெளியே உயர்ந்திருக்காது. எனவே அது 0 ஆகவே வாசிக்கப்பட்டு 0 ஆகவே திருப்பி எழுதப்படும். முதல் வரியின் வேலை அழிந்துவிடும். பிழைதிருத்தியில் ஒவ்வொரு வரியாக ஓட்டினால் இரண்டும் சரியாக உயரும், வேகமாக ஓடவிட்டால் ஒன்று தவறும். செட், கிளியர் பதிவகங்களில் 1 எழுதிய பிட் மட்டுமே செயற்படும், 0 எழுதியவை தொடப்படுவதில்லை. இந்தச் சிக்கல் அங்கே எழாது.

டேட்டின் இதே குணம் இன்னோர் இடத்தில் உதவுகிறது. ஒரு வெளியீட்டைச் செட் மூலம் உயர்த்திவிட்டு, சற்றுப் பொறுத்து டேட்டை வாசித்தபோது 0 வந்தால், வெளியே அந்தக் கம்பி நிலத்துடன் குறுக்குச்சுற்றாகியிருக்கிறது என்று அறியலாம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் இறங்கும் ஊர்களில் இந்தச் சோதனையை நிரலில் நிரந்தரமாக வைத்திருக்கலாம்.

நிரல் தொடங்குமுன்

மீட்டமைப்பு முடிந்தவுடன் எஃப்28335 இன் பொது முனைகள் உள்ளீடுகளாக இருக்கும். மேலிழு தடையிகள் மட்டும் ஒரே சீராக இல்லை: 0 முதல் 11 வரையான முனைகளில் விலக்கப்பட்டும், 12 முதல் 87 வரையான முனைகளில் இணைக்கப்பட்டும் இருக்கும். 0 முதல் 11 வரை துடிப்பு அகலப் பண்பேற்றியின் வெளியீடுகள் வரக்கூடிய முனைகள். அவற்றில் மேலிழு தடையி இருந்தால், மின் வந்த கணத்தில் ஆறு வலு திரான்சிற்றர்களின் வாயில்களும் உயர் நிலையை நோக்கி இழுக்கப்படும். ஒரே காலில் உள்ள மேல் கீழ் இரண்டும் சேர்ந்து திறந்தால் 300 வோல்ற்றும் குறுக்குச்சுற்றாகும், திரான்சிற்றர் போய்விடும். சில்லை வடிவமைத்தவர்கள் இதை எண்ணித்தான் அந்தப் பன்னிரண்டையும் வேறாக வைத்தார்கள். ஆனால் மேலே இழுக்காமல் விட்டது மட்டும் போதாது. அந்தரத்தில் நிற்கும் முனை எந்தப் பக்கமும் சாயலாம். ஒவ்வொரு வாயில் சமிக்ஞைக்கும் வெளியே ஒரு கீழிழு தடையி கட்டாயம் வேண்டும்.

84 முதல் 87 வரையான முனைகளுக்குத் தொடக்கத்தில் தனி வேலை இருக்கிறது. மீட்டமைப்பின்போது சில்லு அவற்றை வாசித்து எங்கிருந்து நிரலை எடுப்பது என்று முடிவு செய்கிறது. நான்கும் உயர் நிலையில் இருந்தால் உள் பிளாஷ் நினைவகத்திலிருந்து தொடங்கும். உள் மேலிழு தடையிகள் இணைந்தே இருப்பதால், ஒன்றும் பொருத்தாமல் விட்டாலும் அதுதான் நடக்கும். அவற்றில் ஒன்றில் ரிலேக்கோ விளக்குக்கோ சுற்றுக் கட்டினால், சில வேளை தொடங்கும், சில வேளை தொடங்காத பெட்டி ஒன்று கிடைக்கும். முனைகளுக்குத் தட்டுப்பாடு வராத வரை அந்த நான்கையும் தொடாமல் விடுவதே புத்தி.

எச்சரிக்கை மணியின் ரிலேயை நெருக்கமாகப் பார்க்கலாம். 12 வோல்ற்று ரிலேச் சுருள் ஏறத்தாழ 30 மில்லிஅம்பியர் கேட்கும். எஃப்28335 இன் சாதாரண முனை தரக்கூடியது 4 மில்லிஅம்பியர், அதுவும் 3.3 வோல்ற்றில். ஆகவே இடையில் ஒரு சிறு என்பிஎன் திரான்சிற்றர், முனைக்கும் அதன் அடிவாய்க்கும் நடுவே 1 கிலோஓம், சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஓர் இருவாயி. பலரும் இத்துடன், திரான்சிற்றர் தானாகத் திறந்துவிடாதிருக்க அடிவாய்க்கும் நிலத்துக்கும் இடையே 10 கிலோஓம் தடையியைப் போட்டுத் திருப்திப்படுவார்கள். இந்த ரிலேயை 30 ஆம் முனையில் மாட்டியிருந்தால் அது போதாது. அந்த முனையின் உள் மேலிழு தடையி சுமார் 140 மைக்ரோஅம்பியரை வெளியே தள்ளும். அதில் 70 மைக்ரோஅம்பியரை 10 கிலோஓம் விழுங்குவதற்குள் அடிவாயில் 0.7 வோல்ற்று எழுந்துவிடும். மிச்சம் திரான்சிற்றருக்குள் போகும். பெருக்கம் 200 என்றால் சுருளில் 14 மில்லிஅம்பியர் வரை ஓடும். ரிலே முழுதாக ஒட்டாது. ஆனால் முனகும், அல்லது சில வேளை ஒட்டியும் விடும். நிரல் தொடங்கியதும் அது நின்றுவிடுவதால் காரணம் கண்டுபிடிக்க நாளாகும். கீழிழு தடையியை 2.2 கிலோஓமாக மாற்றினால், உள்ளிருந்து 200 மைக்ரோஅம்பியர் வந்தாலும் அடிவாயில் 0.44 வோல்ற்றுத்தான் எழும், திரான்சிற்றர் அசையாது. இன்னும் நல்லது, ரிலேயை 10 ஆம் முனைக்கு மாற்றுவது. அங்கே மேலிழு தடையி தொடக்கத்திலேயே இல்லை.

எழுதும் ஒழுங்கு

ஒரு வெளியீட்டு முனையை அமைக்கும்போது, முதலில் செட் அல்லது கிளியர் மூலம் வேண்டிய நிலையை எழுதி வைத்து, அதன் பிறகே டிர் பதிவகத்தில் திசையை மாற்ற வேண்டும். முனை உள்ளீடாக இருக்கும்போது எழுதிய பெறுமானம் உள்ளே தாங்கப்பட்டிருக்கும். திசை மாறிய கணத்தில் அதுவே வெளிவரும். மாற்றிச் செய்தால் இடையில் ஒரு சில நனோசெக்கன்களுக்கு வேண்டாத நிலை எட்டிப்பார்க்கும். ரிலே அதை உணராது. ஆனால் அந்த முனை வேறொரு சில்லின் கடிகார உள்ளீட்டுக்கோ மீட்டமைப்புக்கோ போனால் அது போதும், குழப்பம் வர.

உட்பகுதிக்குக் கொடுக்கும் முனைகளுக்கும் இதே நியாயம்தான். 0 முதல் 5 வரையான முனைகளில் மூன்று பண்பேற்றிகளின் ஏ, பி வெளியீடுகள் வருகின்றன. பண்பேற்றியின் காலம், இரு திரான்சிற்றர்களுக்கு இடையே விட வேண்டிய ஓய்வு நேரம், பழுது நேரத்து நிலை எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகு, கடைசி வரியாக மக்ஸை மாற்றுவது பாதுகாப்பு. மாதிரி நிரல்கள் பல முனைகளை முதலில் ஒப்படைத்துவிட்டுப் பிறகு பண்பேற்றியை அமைக்கின்றன. மேசையில் அது பரவாயில்லை. 300 வோல்ற்று இணைந்திருக்கும் பெட்டியில் அந்த ஒழுங்கைப் பின்பற்றக்கூடாது.

உள்ளீடுகளும் இரைச்சலும்

ஏ, பி துறை முனைகளுக்கு வன்பொருள் வடிகட்டல் உண்டு. சி துறைக்கு இல்லை. க்யுசெல் பதிவகத்தின் இரண்டு பிட்டுகள் நான்கு வழிகளைத் தருகின்றன: கடிகாரத்துடன் இசைவித்தல் மட்டும், மூன்று மாதிரிகள் ஒத்திருக்க வேண்டும், ஆறு மாதிரிகள் ஒத்திருக்க வேண்டும், கடிகாரமே இல்லாத நேர் வழி. மாதிரிகளுக்கு இடையிலான காலத்தைக் கன்ட்ரோல் பதிவகம் எட்டு முனைகளுக்கு ஒன்றாகத் தீர்மானிக்கிறது. ஆகக் கூடிய பெறுமானமான 255 ஐ எழுதினால் அது 510 கடிகாரச் சுற்றுகள். 150 மெகாஹேர்ட்ஸில் ஒரு சுற்று 6.67 நனோசெக்கன் என்பதால், மாதிரிகளுக்கு இடையே 3.4 மைக்ரோசெக்கன். ஆறு மாதிரிகளுக்கு இடையே ஐந்து இடைவெளிகள். மொத்தம் 17 மைக்ரோசெக்கன். இந்த வடிகட்டியால் இதற்கு மேல் பொறுக்க முடியாது.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்க்க வேண்டும். மிதவை ஆளியின் தொடுகை மூடும்போது சில மில்லிசெக்கன்களுக்குத் துள்ளும். யானை வேலியின் துடிப்பு ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு முறை, ஆயிரக்கணக்கான வோல்ற்றில், ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்துக்கு வரும். வேலிக்கு இணையாக நீண்ட தூரம் ஓடும் மிதவைக் கம்பி அதை வாங்கிக்கொள்ளும். இரண்டுமே 17 மைக்ரோசெக்கனை விட மிக நீண்டவை. வன்பொருள் வடிகட்டி பக்கத்துத் திரான்சிற்றர்களின் கூர்மையான இரைச்சலைத் தடுக்கும், அதற்காக அதை இயக்கி வைக்கலாம். துள்ளலையும் வேலியையும் நிரல்தான் கையாள வேண்டும். ஒரு மில்லிசெக்கனுக்கு ஒரு முறை முனையை வாசித்து, தொடர்ந்து 20 முறை ஒரே நிலை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வது போதுமான வழி. வேலித் துடிப்பு ஒரு வாசிப்பைக் கெடுத்தால் எண்ணிக்கை திரும்பத் தொடங்கும், அடுத்த துடிப்பு வருமுன் முடிந்துவிடும். தாங்கிக்குள் நீர் விழும்போது மேற்பரப்பு ஆடுவதால் மிதவையும் ஆடும். அதற்குச் செக்கன் கணக்கில் பொறுக்க வேண்டும்.

மிதவை ஆளியை வெளி இடைமறிப்பில் இணைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இது தவிர்க்கப்பட வேண்டியது. தொடுகை துள்ளும் ஒவ்வொரு முறையும் செயலி தன் மோட்டர்க் கணக்கை நிறுத்திவிட்டு ஓடிவரும். கிணறு வற்றுவதை 20 மில்லிசெக்கன் தாமதித்து அறிவதால் ஒன்றும் கெடாது. நீரோட்ட மானியின் துடிப்புகளுக்கும் இடைமறிப்பு தேவையில்லை. 24 ஆம் முனையை மக்ஸ் மூலம் முதலாவது கவர்வுப் பகுதிக்குக் கொடுத்தால், துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தை வன்பொருளே அளந்து வைக்கும்.

நீண்ட கம்பியை நேராக முனையில் மாட்டுவதும் கூடாது. 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காத முனை இது. 5 வோல்ற்றுக் கூட ஆகாது. 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 2.2 கிலோஓம் வழியாக மிதவைத் தொடுகைக்கும், அங்கிருந்து பிசி817 போன்ற ஒளிப் பிணைப்பியின் விளக்குக்கும் போனால் சுமார் 5 மில்லிஅம்பியர் ஓடும். ஈரத்தில் கறுத்த தொடுகைக்கு இந்த மின்னோட்டம் நல்லது. உள் மேலிழு தடையியின் அற்ப மின்னோட்டம் அந்தக் கறுப்பைத் துளைக்காது.

கம்பி அறுந்தால் என்ன வாசிக்கப்படும் என்பதை ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். தோட்டத்தில் மண்வெட்டி படும், எலி கடிக்கும், யானை மிதிக்கும். மிதவைகளை, ஓட அனுமதி இருக்கும்போது மூடியிருக்கும்படி அமைத்து 26 ஆம், 27 ஆம் முனைகளுக்குக் கொண்டுவந்தால், மூடிய நிலையில் ஒளிப் பிணைப்பி முனையைத் தாழ்த்தும். கம்பி அறுந்தால் மேலிழு தடையி முனையை உயர்த்தும், நிரல் அதை ‘நில்’ என்று கொள்ளும். அவசர நிறுத்தத்துக்கு இதே சுற்று பொருந்தாது. அது போக வேண்டிய 13 ஆம் முனை, பண்பேற்றிகளின் இரண்டாவது பழுது உள்ளீடு. அது தாழ் நிலையில்தான் பழுதை உணரும், உயர் நிலை ‘எல்லாம் நலம்’. எனவே இங்கே ஒளிப் பிணைப்பியின் திரான்சிற்றரை 3.3 வோல்ற்றுப் பக்கம் மாற்றி, முனைக்கு 2.2 கிலோஓம் கீழிழு தடையி கொடுத்து, உள் மேலிழு தடையியைப் பியுடி மூலம் விலக்க வேண்டும். அப்போது ஆளியை அழுத்தினாலும் கம்பி அறுந்தாலும் முனை தாழும்.

வலு திரான்சிற்றர்கள் அடங்கிய தொகுதியின் பழுதுச் சமிக்ஞை 12 ஆம் முனைக்கு, முதலாவது பழுது உள்ளீடாக வருகிறது. இந்த இரு முனைகளுக்கும் க்யுசெல்லில் நேர் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். நேர் வழியில் பழுது வந்தால் கடிகாரம் நின்றுபோயிருந்தாலும் பண்பேற்றியின் வெளியீடு அடைபடும். நிரல் எதுவும் ஓடத் தேவையில்லை. வடிகட்டல் இல்லாததால் பொய்ப் பழுது வரலாம். அதற்கு முனைக்கு அருகில் சிறு தடையியும் கொள்ளளவியும் வைப்பதே மருந்து. பழுது நேரத்தில் வெளியீடுகள் தாழ் நிலைக்குப் போகும்படி பழுதுக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தை அமைப்பதை மறக்கக்கூடாது. மீட்டமைப்புக்குப் பிறகு அது வெளியீட்டை அந்தரத்தில் விடும் நிலையில் இருக்கும்.

பயன்படாத முனைகளை மேலிழு தடையியுடன் உள்ளீடாக விடலாம், அல்லது தாழ் நிலை வெளியீடாக்கலாம். 0 முதல் 11 வரையானவற்றில் மிஞ்சியவற்றுக்கு இதை நிரலில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

சோதித்தல்

சூரியப் பலகைகளைக் கழற்றிவிட்டு, கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கு மட்டும் மின் கொடுத்து, மீட்டமைப்பு முனையை நிலத்துடன் பிடித்துக்கொண்டு ஆறு வாயில்களையும் ரிலே முனையையும் மானியால் அளக்க வேண்டும். எல்லாம் 0.5 வோல்ற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு மீட்டமைப்பை விட்டு, அலைகாட்டியில் முதல் சில மில்லிசெக்கன்களைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு வெளிக் கம்பியையும் கழற்றி, பெட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியை நிலத்துடன் தொட்டும் அதையே செய்ய வேண்டும். யானை வேலி இயங்கும் நேரத்தில், உண்மையான நீளக் கம்பியுடன் ஒரு முழு நாள் ஓடவிடாத பெட்டியைத் தோட்டக்காரரிடம் ஒப்படைக்கக்கூடாது.

புதிய சில்லுக்கு மாறும்போது

எஃப்28379டி இல் ஒரு முனைக்குப் பல உட்பகுதிகள் போட்டியிடுவதால், மக்ஸுடன் ஜிமக்ஸ் என்ற இன்னொரு பதிவகமும் சேர்ந்து நான்கு பிட்டுகளால் தேர்வு நடக்கிறது. முனைகளை அமைக்கும் உரிமை முதல் மையத்துக்கு மட்டுமே. ஒரு முனையின் செட், கிளியரை எந்த மையம் ஆள வேண்டும் என்பதை அதுவே சிசெல் பதிவகத்தில் எழுதிக்கொடுக்கும். இரண்டாவது மையத்தின் நிரல் எழுதியும் முனை அசையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. பழுது உள்ளீடுகள் குறிப்பிட்ட முனைகளுடன் பிணைந்திருக்கவில்லை. உள்ளீட்டுக் குறுக்குச் சட்டம் வழியாக எந்த முனையையும் முதல் மூன்று பழுது உள்ளீடுகளுக்குக் கொண்டுவரலாம். லாக் பதிவகத்தால் அமைப்பைப் பூட்டிவிடலாம், தறிகெட்ட நிரல் பின்னர் அதை எளிதில் மாற்றாது. மேலிழு தடையிகளும் மீட்டமைப்பில் எல்லா முனைகளிலும் விலக்கப்பட்டே இருக்கும். எனவே எஃப்28335 பெட்டியில் உள் தடையியை நம்பி வெளித் தடையி போடாமல் விட்ட மிதவை உள்ளீடுகள், நிரலை அப்படியே கொண்டுபோனால் அந்தரத்தில் நிற்கும். 26 ஆம், 27 ஆம் முனைகளுக்குப் பியுடி பிட்டை 0 ஆக எழுதுவதோடு, வெளியே 4.7 கிலோஓம் மேலிழு தடையி ஒன்றும் பொருத்திக்கொள்ள வேண்டும்.